இக்னேசியஸின் காதும் ஐந்து சீட்டும்

லோக்பர்ன் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவு லயத்தில், குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த இருபத்துநாலு காம்பராவுக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர்ப் பீலிதான். றொசல்ல ஸ்டேசனில் இறங்கிக் குறுக்குப் பாதையால் ஏறி வருகிறவர்கள் லயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பீலியடியில் வரிசையாக நிற்கும் வாளிகளைத்தான் பார்ப்பார்கள். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மாசி, பங்குனியில் ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு பேர் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடலாம்.

எழுபத்தொன்பதாம் வருசம் மேல்பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் இக்னேசியஸ். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். நாற்பது வயது, நல்ல குரல், யாருக்கும் ஓடிப்போய் உதவுகிற மனுசன். அவரிடம் ஒரே ஒரு குறை. பொய் சொன்னால் அவருடைய காது இரண்டும் மேலே ஏறி இறங்கும். கொஞ்சமாக அல்ல, எதிரே இருக்கிறவர் பேச்சை மறந்துவிட்டுக் காதையே பார்க்கிற அளவுக்கு.

இரண்டு வருசமாக அவர் தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் போய் இன்னும் மூன்று பீலி கேட்டுக்கொண்டிருந்தார். மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, குழாய் மட்டும் போட்டால் போதும். அபேகோன் தொரை ஒவ்வொரு தடவையும் அவரை மரியாதையாக உட்காரவைத்து, "தலைவர், குழாய் குடுக்காட்டி என்ன செய்வீங்க?" என்று கேட்பார்.

"மேல்பிரிவு முழுக்க வேலைக்கு இறங்காதுங்க," என்பார் இக்னேசியஸ்.

"எல்லாரும் ஒத்துமையா இருக்காங்களா?"

"ஆமாங்க, எல்லாரும்."

காது ஏறி இறங்கும். தொரை சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார். உண்மையில் சங்கக் கமிட்டியில் பாதிப்பேர் வேலைநிறுத்தத்துக்குத் தயாராக இல்லை என்பது தொரைக்கு அப்படித்தான் தெரிந்தது. வேறு யாரும் போய்ச் சொல்லவில்லை.

இக்னேசியஸின் மனைவி பவுலின் தொரையின் பங்களாவில், சமையல் குசினியில் வேலை செய்தாள். அந்த வருசம் சித்திரை பிறந்து இரண்டு நாள் கழித்து, பகல் சாப்பாட்டு மேசைக்குப் பப்படம் கொண்டுபோனபோது தொரை தன் சம்சாரத்திடம் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. பவுலினுக்குச் சிங்களம் தெரியும் என்பது தொரைக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை.

"அந்த இக்னேசியஸ் கிளப்புக்கு வந்து எங்களோட போக்கர் ஆடினா, ஒரே ஆட்டத்துல சட்டையையும் கழட்டிக் குடுத்துட்டுத்தான் போவான்," என்றார் தொரை. தொரையம்மா சிரித்தாள்.

பவுலின் பப்படத்தை வைத்துவிட்டு நேரே பின்கட்டுக்குப் போனாள். அங்கே பங்களாவில் பரிமாறுகிற அப்பு வீரய்யா கரண்டி துலக்கிக்கொண்டிருந்தார். இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்துத் தொரைமார் வந்து சீட்டாடும்போது, பதினெட்டு வருசமாகத் தட்டேந்தி அவர்களுடைய நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவர்.

"வீரய்யாண்ணே, போக்கருன்னா என்ன?"

"தொரைமாரு வெளையாட்டு. உனக்கு எதுக்கு தங்கச்சி?"

"எனக்குக் கத்துக் குடுங்க."

வீரய்யா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துலக்காமல் கிடந்த கரண்டிக் குவியலைப் பார்த்தார். அதை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அலுமாரியிலிருந்து தொரை கழித்துப்போட்ட பழைய சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்தார். அதில் கிளாவர் ஏழு இல்லை. பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி அவரே ஒரு ஏழு எழுதி வைத்திருந்தார்.

"ஆளுக்கு அஞ்சு சீட்டு," என்று ஆரம்பித்தார். "பிடிக்காதத கீழ போட்டுட்டு, போட்ட அளவுக்குப் புதுசா வாங்கிக்கலாம். ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் கையில என்ன சேந்திருக்குன்னு பாக்கணும். ரெண்டு ஒரே மாதிரி இருந்தா சோடி. அதுதான் சின்னது. அதுக்கு மேல ரெண்டு சோடி. அதுக்கும் மேல மூணு ஒரே மாதிரி."

"அதுக்கு மேல?"

"அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பதுன்னு வந்தா வரிசை. காலையில பெரட்டுல பேர் கூப்பிடும்போது ஒழுங்கா நிக்கிற மாதிரி. வரிசைய விடப் பெருசு, அஞ்சும் ஒரே பூவா இருக்கிறது, எல்லாம் ஆட்டின், இல்ல எல்லாம் டைமன். அதையும் அடிக்கிறது ஃபுல் ஹவுஸு. மூணு ஒரு மாதிரி, ரெண்டு ஒரு மாதிரி."

"அதுக்கு ஏன் அப்பிடிப் பேரு?"

வீரய்யா யோசித்தார். "நம்ம காம்பராதான். மூணு புள்ளைங்க, ரெண்டு பெரியவங்க. அதுக்கு மேல ஒருத்தர் கால் நீட்ட எடமில்ல."

பவுலினுக்கு அது உடனே பிடிபட்டது. நாலு ஒரே மாதிரி வந்தால் காம்பராவையும் அடிக்கும், ஒரே பூவில் வரிசை வந்தால் எல்லாவற்றையும் அடிக்கும் என்று அன்றைக்கே படித்துவிட்டாள். மறுநாள் பந்தயம் கட்டுகிற விதம் சொல்லிக்கொடுத்தார்.

"ஒருத்தர் அஞ்சு வச்சா நீயும் அஞ்சு வைக்கணும். இல்ல, ஏத்திப் பத்து வைக்கலாம். முடியாட்டி சீட்டக் கவுத்துட்டு ஒதுங்கிக்கணும். வச்சது போனது போனதுதான்."

"எல்லாரும் ஒதுங்கிட்டா?"

"மிஞ்சினவருக்கு எல்லாம். அவரு சீட்டக் காட்ட வேண்டியதில்ல."

"கையில ஒண்ணுமே இல்லாட்டியும்?"

"ஒண்ணுமே இல்லாட்டியும்."

பவுலின் துலக்கிய கரண்டியைக் கீழே வைத்தாள். "இது வெளையாட்டு இல்லண்ணே. இது யூனியன் பேச்சுவார்த்த."

"ஆடத் தெரிஞ்சவங்க சீட்டப் பாத்து ஆடுறதில்ல தங்கச்சி," என்றார் வீரய்யா. "மூஞ்சியப் பாத்துத்தான் ஆடுவாங்க. நம்ம தொரை அதுல கெட்டிக்காரரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்து சாப்பிட்ட பிறகு, பவுலின் காம்பராக் கதவைச் சாத்தினாள். சூதாட்டம் என்று யாராவது கதை கட்டிவிட்டால் தலைவருக்குக் கெட்ட பேர். பாயை விரித்து, ஆளுக்கு நாற்பது புளியங்கொட்டை எண்ணிவைத்து, புருசனுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள். இக்னேசியஸ் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். காம்பரா உதாரணம் அவருக்கும் பிடித்திருந்தது. கையில் சோடியோ வரிசையோ வந்தால் அமைதியாக ஆடுவார். ஒன்றுமில்லாமல் ஏற்றிக் கட்டினால் காது ஏறிவிடும். ஒரு மணி நேரத்தில் அவருடைய கொட்டை அத்தனையும் பவுலினின் மடியில் இருந்தது.

அடுத்த ஞாயிறு தலையில் துவாயைச் சுற்றிக் காதை இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். துவாய் ஏறி இறங்கியது.

மூன்றாவது ஞாயிறு, வெயில் கொளுத்துகிற நேரத்தில் இருவரும் கதவைச் சாத்தப்போனபோது, பக்கத்துக் காம்பரா மீனம்மா பீலியிலிருந்து குடத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மீனம்மா கொழுந்தெடுக்கிறவள், ஐம்பதை நெருங்கியவள், வாயைத் திறந்தால் லயத்தின் இரண்டு பக்கமும் கேட்கும்.

"மூணு வாரமாப் பாக்கிறேன் பவுலினு. பட்டப்பகல்ல, கல்யாணமாகிப் பதினஞ்சு வருசத்துக்கப்புறம், நல்லாத்தான் இருக்கு. ஆனா 'ஏத்துங்க, ஏத்துங்க'ன்னு சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லது. புள்ளைங்க இருக்கிற லயம்."

இக்னேசியஸ் வாயைத் திறந்து, "நாங்க ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கோம் மீனம்மாக்கா," என்றார். காது இரண்டும் ஏறி இறங்கின.

வேறு வழியில்லாமல் பவுலின் மீனம்மாவையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி விசயத்தைச் சொன்னாள். மீனம்மா குடத்தை மூலையில் வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கும் கொட்டை குடு," என்றாள்.

இரண்டாவது ஆட்டத்தில் இக்னேசியஸ் கையில் இரண்டு சோடி, ராசாவும் பத்தும். தைரியமாக ஆறு கொட்டை வைத்தார். பவுலின் ஒதுங்கினாள். மீனம்மா ஆறோடு இன்னும் இருபதை எண்ணி வைத்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. ஈ வந்து கன்னத்தில் உட்கார்ந்ததுகூட அவளுக்குத் தெரியாதது போல இருந்தது. இக்னேசியஸ் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தார். மீனம்மா தன்னுடையதைத் திருப்பிக் காட்டினாள். ஒரு சோடிகூட இல்லை.

"எப்பிடிக்கா?" என்றார் இக்னேசியஸ்.

"கணக்கப்புள்ள நம்ம கொழுந்த தராசுல நிறுத்து ரெண்டு றாத்தல் கொறச்சு எழுதும்போது முப்பது வருசமா மூஞ்சிய இப்பிடித்தான் வச்சிக்கிட்டு நிக்கிறேன்," என்றாள் மீனம்மா கொட்டைகளை வாரியபடி.

அவளைத் தலைவராக்கியிருக்கலாம் என்று இக்னேசியஸுக்குத் தோன்றியது. அது அவர் முகத்திலும் தெரிந்தது. அதனால் பவுலினுக்குக் கஷ்டமாகிவிட்டது. இதோடு விட்டுவிடலாம் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்திருந்த நேரத்தில்தான் அந்த ஆட்டம் வந்தது.

இக்னேசியஸ் கையில் மூன்று ராணியும் இரண்டு நாலும். அசல் காம்பரா. அவர் பத்து வைத்தார், முகம் பிசகவில்லை. பவுலின் ஒதுங்கத்தான் இருந்தாள். அந்த நேரம் பார்த்து லயத்துக்குப் பின்னால் கோழிகள் கத்துகிற சத்தம் கேட்டது. கோழிக்கூட்டுக் கதவின் கொக்கி உடைந்து ஒரு வாரம். காலையில்தான் பவுலின் கேட்டிருந்தாள், அவரும் செய்துவிட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லியிருந்தார். செய்யவில்லை. இப்போது கோழியெல்லாம் மீனம்மாவின் கீரைப் பாத்தியில் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. காலையில் சொன்ன பொய் ஞாபகம் வந்து, காது இரண்டும் ஏறி, அங்கேயே நின்று, இறங்கின.

அதைப் பார்த்து, அவர் கையில் ஒன்றுமில்லை என்று நினைத்துப் பவுலின் இருந்த கொட்டை அத்தனையும் வைத்தாள். மீனம்மாவும் வைத்தாள். இக்னேசியஸ் சீட்டைத் திருப்பினார்.

இரண்டு பெண்களும் மூன்று ராணிகளையும் அந்தக் காதுகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"கோழிக்கூட்ட நான் செய்யல," என்று ஒத்துக்கொண்டார் இக்னேசியஸ்.

மீனம்மா கீரையைக் காப்பாற்ற எழுந்து ஓடினாள். பவுலின் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். கோழிக்கூட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லாதது இக்னேசியஸுக்குப் பயமாக இருந்தது.

"என்னங்க," என்றாள் கடைசியில். "தொரைகிட்ட இத்தன வருசமாப் பொய் சொல்லித்தானே தோத்தீங்க. இந்தத் தடவ நெசத்தச் சொல்லுங்க. நெசத்தச் சொல்லிக்கிட்டே கோழிக்கூட்ட நெனச்சுக்கங்க."

அது இக்னேசியஸுக்குப் புரிய இரண்டு நாள் பிடித்தது. புரிந்த பிறகு, தேயிலை மலைக்குப் போகும்போதும் வரும்போதும் பழகினார். "இன்னைக்கு மழை பேயும்," என்று மழையில் நனைந்தபடி சொல்லிக் காதை ஆட்டினார். "எம்பேரு இக்னேசியஸ்," என்று சொல்லி ஆட்டினார். கங்காணி ஆண்டியப்பன் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பவுலினிடம் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

வைகாசி முதல் புதன்கிழமை பின்னேரம், தொரை ஆபிசில் குறை கேட்கிற நாள். அந்த வாரம் மலை முழுக்கக் கொழுந்து தள்ளிக்கொண்டு நின்றது. நாலு நாள் எடுக்காமல் விட்டால் முற்றிவிடும். இக்னேசியஸ் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு போனார்.

"என்ன தலைவர், பீலிக் கதைதானே," என்றார் தொரை பேனாவை மூடாமலே. "குழாய் இல்ல. கொழும்புல இருந்து வரணும்."

"சரிங்க."

தொரை நிமிர்ந்தார். "சரியா?"

"வந்ததும் போட்டுக் குடுங்க தொரை. நாங்க பொறுத்துக்கிறோம்."

சொல்லிவிட்டுக் கோழிக்கூட்டை நினைத்தார். காது ஏறி இறங்கியது. தொரை பேனாவை மூடினார்.

"மேல்பிரிவு ஆக்கள் என்ன பேசிக்கிறாங்க?"

"ஸ்ட்ரைக் பண்ணலாமான்னு கமிட்டியில பேசினோம். வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்." அது சத்தியமான உண்மை. காது மறுபடியும் ஏறியது.

"அப்ப திங்கக்கிழமை?"

"எப்பவும் போல எல்லாரும் பெரட்டுக்கு வந்துருவாங்க." கொக்கி. கதவு. கீரைப் பாத்தி.

தொரை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குரல் தணிந்தது. "கீழ்ப்பிரிவு?"

"கீழ்ப்பிரிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

இந்தத் தடவை காது ஏறிய வேகத்தில் இக்னேசியஸுக்கே பொறி கலங்கியது. தொரை அதைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மலை பச்சைப் பசேலென்று கிடந்தது.

"ஹட்டன்ல இருந்து யூனியன் பெரியவங்க யாரும் வந்தாங்களா?"

"இந்த மாசம் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரலீங்க தொரை."

தொரை எழுந்து நின்றுவிட்டார். பிறகு ஸ்டோர்க் காரியங்களைப் பார்க்கிற கிளாக்கரைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். கிளாக்கர் சொன்ன பதிலைக் கேட்டு ஆச்சரியப்படுகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"தலைவர், பாருங்க, ஃபெக்டரிக்குப் பின்னால கொஞ்சம் குழாய் கெடக்காம். எனக்கே தெரியாது. மூணு பீலிக்குத் தாராளமாக் காணும். நாளைக்கே ஆள் அனுப்புறேன். ஆக்கள்கிட்ட இன்னைக்கே சொல்லிருங்க. இன்னைக்கே."

"சொல்லிர்றேங்க," என்றார் இக்னேசியஸ். அப்போது அவர் கோழிக்கூட்டை நினைக்கவில்லை. காது சும்மா இருந்தது. தொரை பெருமூச்சு விட்டது நன்றாகக் கேட்டது.

குழாய் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. ஆறு ஆம்பளைகள் குழாய் புதைக்கக் கான் வெட்டினார்கள். அடுத்த ஞாயிறுக்குள் மூன்று பீலியிலும் தண்ணீர் விழுந்தது. மேல்பிரிவு சனங்கள் தலைவரைத் தோளில் தூக்காத குறை. என்ன பேசி வாங்கினீங்க என்று எல்லோரும் கேட்டார்கள். "உள்ளத உள்ளபடி சொன்னேன்," என்றார் அவர். யாரும் நம்பவில்லை.

ஆனால் அவருக்கு மனது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த மாதம் பூசை வைக்க ஃபாதர் வந்தபோது பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டு, "ஃபாதர், தொரைய ஏமாத்திட்டேன்," என்றார்.

"என்ன பொய் சொன்னாய்?"

"பொய் ஒண்ணும் சொல்லலீங்க ஃபாதர். எல்லாம் நெசந்தான் சொன்னேன். காதுதான் ஃபாதர்..."

முழுக் கதையையும் சொல்லி முடித்தபோது, ஃபாதருக்குப் பெரிய இருமல் வந்துவிட்டது. பையிலிருந்து லேஞ்சியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் இருமினார். பிறகு, காதால் செய்கிற பாவத்தைப் பற்றித் தனக்கு யாரும் படிப்பிக்கவில்லை என்றும், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு முதலில் போய் அந்தக் கோழிக்கூட்டுக் கொக்கியை மாட்டும்படியும் சொல்லி அனுப்பினார்.

தொரையும் சந்தோசமாகத்தான் இருந்தார். பீலி போட்டதற்கு அடுத்த சனிக்கிழமை சீட்டாட்டத்தில், சீட்டைக் கலைத்துக்கொண்டே மற்றத் தொரைமாரிடம், இரண்டு பிரிவும் சேர்ந்து ரகசியமாகத் திட்டம் போட்ட பெரிய ஸ்ட்ரைக் ஒன்றை மூன்று பீலியோடு முடித்துவிட்டதாகச் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒருவர் கேட்டார். "ஆள் வாயால ஒண்ணும் சொல்லல. மனுசன வாசிக்கத் தெரியணும்," என்றார் தொரை. பின்னால் தட்டேந்தி நின்ற வீரய்யாவின் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு மெதுவாக நடந்து, சாப்பாட்டறையைத் தாண்டி, குசினிக் கதவைச் சாத்திய பிறகுதான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பவுலின் அவருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தாள்.

எண்பத்தொன்றில் அபேகோன் தொரை மாற்றலாகி நுவரெலியாப் பக்கம் போய்விட்டார். புதிதாக வந்தவர் இளம் வயது. யார் முகத்தையும் பார்க்கிறவரில்லை. எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள் என்று கடதாசியைப் பார்த்தபடியே சொல்வார். இக்னேசியஸுக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஒரு வருசம் சமாளித்துவிட்டுத் தலைவர் பதவியைச் சின்னராசாவிடம் ஒப்படைத்தார். சின்னராசா எட்டாம் வகுப்பு வரை படித்தவன்.

சங்கத்தின் மாதர் தலைவியாக மீனம்மாவைப் போட்டார்கள். அதற்குள் மேல்பிரிவில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் நாலு காம்பராவில் புளியங்கொட்டை ஆட்டம் நடந்தது. கதவையெல்லாம் இப்போது யாரும் சாத்துவதில்லை. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்கிற பிள்ளைக்காம்பராவுக்குப் புதுக் கூரைத் தகரம் கேட்டு மீனம்மா முதல் தடவையாக ஆபிசுக்குப் போன அன்றைக்கு, அவள் திரும்பி வருகிற பாதையில் பெண்கள் கூட்டமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வளைவு தாண்டி வந்தாள். தகரம் கிடைத்ததா இல்லையா என்று நடையிலும் தெரியவில்லை, முகத்திலும் தெரியவில்லை.

"என்னக்கா சொன்னாரு?" என்றாள் பவுலின்.

மீனம்மா புதுப் பீலி ஒன்றில் நின்று கால் கழுவினாள். முகம் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள்.

"மொதல்ல சூடா ஒரு வாய் சாயத்தண்ணி குடுங்கடி," என்றாள்.